வன்னிக்கு எந்த முன் அக்சில்? பழைய வில்லிஸ் ஜீப்புக்கான தெரிவுகள்

மாரி முடிந்து வயல் வேலை குறையும் நாட்களில், பழைய வில்லிஸ் சீஜே-3பி ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வருவது ஒரே கேள்விதான்: முன் அக்சிலை (முன் சில்லுகளைத் தாங்கிச் சுழற்றும் அச்சுத் தொகுதியை) திருத்துவதா, கழற்றிப் போட்டுவிட்டுப் பாரமான வேறொன்றை ஏற்றுவதா? மாங்குளத்தில் கேட்டால் ஒரு பதில், பரந்தனில் கேட்டால் இன்னொரு பதில். பெரும்பாலும் கேட்கப்பட்டவரிடம் எந்த அக்சில் கிடக்கிறதோ அதுதான் பதிலாக வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோல் எஞ்சினும் 7.00-16க்கு மேற்படாத ரயரும் உள்ள ஜீப்புக்குப் பழைய அக்சிலே போதும். அதை ஒழுங்காகத் திருத்தி, பிரேக்கை மட்டும் மாற்றுங்கள். டீசல் எஞ்சின் ஏற்றி, 31, 32 அங்குல ரயர் போட்டு, நெல் மூட்டையோடு ஓடுகிற ஜீப்பென்றால் மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றுவதானால் முன் அக்சிலை மட்டும் தொடாதீர்கள். முன்னும் பின்னும் சோடியாக மாற்றுங்கள்.

சீஜே-3பி 1953 முதல் 1968 வரை அமெரிக்காவில் செய்யப்பட்டது. ஜப்பானில் மிற்சுபிசி கம்பனி அதே ஜீப்பின் வழிவந்த வண்டிகளை 1998 வரை செய்தது. வில்லிஸின் முன் அக்சில் டேனா கம்பனியின் டேனா 25 மொடல்; பின் அக்சில் டேனா 44. பின்னால் இருப்பது ஏற்கெனவே பலமானது என்பதைக் கனபேர் கவனிப்பதில்லை. முன்பக்கந்தான் சிறியது. அதன் உள் சாஃப்டில் 10 பல்; பிரேக் 9 அங்குல டிரம். அக்சிலின் நடுவில் சில்லுகளைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிறவுன், அதைச் சுழற்றும் சிறியது பினியன்; இரண்டு அக்சிலிலும் அவற்றின் விகிதம் 5.38. கிறவுனில் 43 பல், பினியனில் 8 பல். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் பேசப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

வெளிநாட்டில் இந்த அக்சிலை ஏன் மாற்றுகிறார்கள் என்றால், கற்பாறை ஏறுவதற்கு. ஒரு சில்லு பாறைக்கு நடுவில் இறுகி நிற்க, எஞ்சின் முழு வலுவையும் கொடுக்கும்போது சாஃப்டோ அதை மடங்க விடும் குரொஸ் ஜொயின்டோ முறிகிறது. வன்னியில் அந்தப் பிரச்சினை அபூர்வம். இங்கே தரை சமம். கிரவல் வீதி, குளக்கட்டு, வயல் சேறு, காட்டுப் பாதையில் மணல், மாரியில் மேவிப் பாயும் வாய்க்கால், அவ்வளவுதான். முத்தையன்கட்டுப் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ ஓடும் ஜீப்பின் முன் அக்சிலைத் திறந்து பார்த்தால் முறிந்த சாஃப்டைவிடத் துருப்பிடித்த பெயாரிங்தான் கூடுதலாகக் கிடைக்கும். வன்னியில் முன் அக்சிலைக் கொல்வது தண்ணீர்.

அது எப்படி உள்ளே போகிறது என்று விளங்கினால் பாதித் தீர்மானம் முடிந்துவிடும். கிரவலில் ஒரு மணித்தியாலம் ஓடிய அக்சில் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு பாலியாற்றிலோ கனகராயன் ஆற்றின் கிளை வாய்க்காலிலோ இறக்கினால் ஹவுசிங் சட்டென்று குளிர்கிறது, உள்காற்று சுருங்குகிறது, வெளியில் இருப்பதை உறிஞ்சுகிறது. மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால் உறிஞ்சுவதற்கு இருக்கும் வழி சீல் மட்டுந்தான். புதுச் சீல் போட்டாலும் இது நடக்கும். பாரமான அக்சில் போட்டாலும் நடக்கும். வடிகால் மூடியைத் திறந்ததும் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

இதற்கு வைத்தியம் மலிவு. மூச்சுத்துளையில் இருக்கும் சிறிய மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு நிப்பிள் போட்டு, எண்ணெய் தாங்கும் குழாயை எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். பின் அக்சிலுக்கும் அதே வேலை. எந்த அக்சிலைத் தெரிவு செய்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். பெரிய மாற்றத்துக்குக் காசைக் கொட்டிவிட்டு இந்தக் குழாயை மறந்தவர்களின் புது அக்சிலும் அடுத்த மாரியில் பழையதைப் போலவே அரைபடும்.

இனித் தெரிவுகள்.

முதலாவது, இருக்கிற டேனா 25ஐத் திருத்துவது. இதைச் சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஏமாறுவார்கள். சில்லுக்குப் பின்னால் சில்லைத் திருப்பும் மூட்டாக உருண்டை வடிவ மூடிய நக்கிள் இருக்கிறதே, அதன் மேல் உரசும் சீல்தான் முக்கியம். உருண்டையின் மேற்பரப்பு துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒரு மாரிக்குத் தாங்காது. குழிகளை நிரப்பி மினுக்க வேண்டும், மோசமென்றால் வெல்டிங் பிடித்து லேத்தில் கடைய வேண்டும். பிறகு நக்கிள் திரும்பும் ஆணியான கிங்பின்னின் பெயாரிங்குகள். அவற்றை வெறுமனே மாற்றி இறுக்கினால் போதாது. சிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து, இழுவைத் தராசைக் கொளுவி இழுத்துப் பார்த்து, சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏ9 வீதியில் ஓடும்போது ஸ்ரியரிங் உதறுகிறது என்று வருகிற ஜீப்புகளில் கனக்கவற்றுக்கு வருத்தம் இங்கேதான். அக்சில் குழாயின் நுனியில் உள்ள உள் சீலையும் விட்டுவிடாதீர்கள். அது போனால் டிபரன்சியல் (கிறவுனும் பினியனும் இருக்கும் நடுப்பகுதி) ஒயில் நக்கிளுக்குள் வந்து, அங்கிருந்து டிரம்முக்குள் போய், பிரேக்கே பிடிக்காது.

ஸ்ரியரிங் பெட்டியின் ஆட்டத்துக்கும் அக்சிலைக் குறை சொல்வார்கள். வில்லிஸில் சில்லுகளைத் திருப்பும் இரண்டு ரைரொட்டையும் நடுவில் ஒரு முக்கோணக் கை பிடித்திருக்கிறது. அதன் புஷ் தேய்ந்தால் எந்த அக்சில் போட்டாலும் வண்டி வீதியில் நேராகப் போகாது. நீடில் பெயாரிங் வைத்த திருத்தச் சாமான் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

பிரேக்கைப் பொறுத்தவரை 9 அங்குல டிரம்மை நான் ஆதரிக்க மாட்டேன். அது நாற்பது மைல் வேகத்தில் கிராமத்து வீதியில் ஓடிய காலத்துக்குச் செய்தது. இன்றைய ஏ9 வேறு. பின்னால் சொகுசு பஸ் வருகிறது, முன்னால் மாடு குறுக்கே போகிறது. டேனா 25இன் ஸ்பிண்டிலும் (சில்லு சுழலும் தண்டு) பிரேக் தட்டும் நக்கிளில் ஆறு போல்ட்டால் பிடித்திருக்கின்றன. பிந்திய ஜீப்புகளின் 11 அங்குல டிரம் அதே ஆறு போல்ட்டில் ஏறும். டிஸ்க் போடவும் அந்த ஆறு போல்ட்டிலேயே பிரக்கெட் அடிக்கலாம். டிஸ்க் போட்டால் ஒரு விஷயம்: பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வில்லிஸில் மிதிபலகைக்குக் கீழே, டிஸ்கைப் பிடிக்கும் கலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. நிறுத்தி வைத்தால் பிரேக் எண்ணெய் பின்னோக்கி இறங்கிவிடும். அடுத்த நாள் முதல் மிதி வெறுமையாகப் போகும். முன் லைனில் 2 பிஎஸ்ஐ தாங்கும் வால்வு ஒன்று போட வேண்டும். பின் டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள மாஸ்டரையும் அதோடு சேர்த்தே போட்டுவிடுவது நல்லது.

முன் ஹப்பில் பூட்டித் திறக்கும் ஃபிரீவீல் போட்டால், வரண்ட காலத்தில் முன் சாஃப்டுகள் சும்மா சுழலாது. தேய்மானம் குறையும். மாரியில் மறக்காமல் பூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. றிம் மாறாது. உழவு இயந்திரத்தின் முன் சில்லுக்கும் பரவலாக வரும் 6.00-16 அளவுதான் இந்த ஜீப்பின் ரயர் அளவும் என்பதால், எந்தச் சந்தியிலும் ரியூப்பாவது கிடைக்கும். அது வன்னியில் சின்ன விஷயமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய சனத்துக்கு, அருகில் கிடைக்கும் சாமானின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வழி, பின்னால் இருக்கும் டேனா 44க்குச் சமனான டேனா 44ஐ முன்னாலும் போடுவது. இயந்திர முறைப்படி பார்த்தால் இதுதான் மிக அழகான தீர்வு. கிறவுன் வீல் 8.5 அங்குலம். 1970களின் அக்சில்களில் நக்கிள் திறந்தது, உருண்டையும் இல்லை, உருண்டைச் சீலும் இல்லை. சேறு ஒட்டினால் கழுவிவிட்டு குரொஸ் ஜொயின்டுக்குக் கிறீஸ் அடித்தால் சரி. அமெரிக்காவில் இதற்காகத் தேடுவது 1971 முதல் 1980 வரை வந்த இன்டர்நேஷனல் ஸ்கவுட் 2 வாகனத்தின் முன் அக்சிலை. பினியன் வில்லிஸைப் போலவே வலப்பக்கம். சில்லுப் போல்ட்டும் அதே 5, அதே 5.5 அங்குல வட்டம். பிந்திய வருடங்களில் டிஸ்க் பிரேக்கும் உண்டு.

ஆனால் இலங்கையில் அதை எங்கே தேடுவது? கொள்கலனில் இறக்கினாலும் அது இடப்பக்க ஸ்ரியரிங் வாகனத்தின் அக்சிலாகத்தான் வரும். ஸ்ரியரிங் கை மறுபக்கத்தில் இருக்கும். அகலமும் சிக்கல். சில்லு பூட்டும் முகத்திலிருந்து முகத்துக்கு ஏறக்குறைய 58 அங்குலம். சீஜே-3பியின் சில்லுத் தடமோ 48 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. குழாயை வெட்டிச் சுருக்க வேண்டும், ஒரு பக்கச் சாஃப்டையும் குறுக்கிப் பல் வெட்ட வேண்டும். விகிதத்தை 5.38க்குக் கொண்டுவருவதிலும் ஒரு பொறி இருக்கிறது: டேனா 44இல் 3.73 வரைக்கும் ஒரு டிபரன்சியல் கூடு, 3.92க்கு மேல் வேறு கூடு. 3.54 விகிதத்தில் வந்த அக்சிலுக்குக் கிறவுனும் பினியனும் மட்டும் வாங்கினால் பூட்ட முடியாது.

1972 முதல் சீஜே-5இல் வந்த டேனா 30ஐயும் சிலர் சொல்வார்கள். திறந்த நக்கிள், 1977 முதல் டிஸ்க், அகலமும் பரவாயில்லை. ஆனால் கிறவுன் வீலின் பருமனில் ஏற்றமில்லை. அதைத் தேடிக் கொழும்புக்கு அலைவதைவிட டேனா 25ஐத் திருத்திவிடலாம்.

மூன்றாவது ரொயோட்டா. வன்னியில் மாற்றம் என்று பேசினால் உண்மையில் எல்லோரும் பேசுவது இதைத்தான். லாண்ட் குறூசரையும் ஹைலக்ஸையும் திருத்தத் தெரிந்த கைகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தாராளமாக இருக்கின்றன. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் சீலும் பெயாரிங்கும் அன்றைக்கே கையில் கிடைக்கும்.

லாண்ட் குறூசர் 40, 60, 75 எல்லாவற்றிலும் முன்பக்கம் தகட்டு ஸ்பிரிங். ஒன்பதரை அங்குலக் கிறவுன் வீல். 1,000 கிலோ அளவுள்ள ஒரு சிறிய ஜீப்புக்கு அது மிகையான பலம். 75இன் பின் அக்சிலில் பெரும்பாலும் பாரத்தை ஹவுசிங்கே தாங்கும். உள் சாஃப்ட் முறிந்தாலும் சில்லு கழன்று போகாது. வில்லிஸின் பின் சாஃப்ட் நுனி ஒடுங்கி, சாவித் துண்டும் பெரிய நட்டும் ஹப்பைப் பிடித்திருக்கும். அந்த நட்டு இளகினால் சாவி அறுந்து நடுக்காட்டில் நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே சோடியாக மாற்றுவதில் பின்பக்கத்துக்கும் உண்மையான லாபம் இருக்கிறது. 1999க்குப் பிறகு வந்த 78, 79 மொடல்களைத் தேடாதீர்கள். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங், போல்ட் வட்டமும் வேறு.

அகலத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. 40இன் சில்லுத் தடம் ஏறக்குறைய 55 அங்குலம். பெட்டி கொழுவிய உழவு இயந்திரம் காட்டுப் பாதையில் வெட்டிய தடத்தில் வில்லிஸின் ஒடுக்கமான சில்லுகள் பொருந்துவதில்லை. ஒரு பக்கம் பள்ளத்தில், மறுபக்கம் மேட்டில், வண்டி சரிந்தபடியே போகும். அகலமான அக்சில் தடத்தில் உட்கார்ந்து போகும், குளக்கட்டில் நிதானமும் கூடும். ஆனால் சில்லு மட்கார்ட்டுக்கு வெளியே தள்ளி நிற்கும். சேறு முழுக்கக் கதவில்லாத ஜீப்புக்குள் வரும். மட்கார்ட்டை அகட்டாமல் விடக்கூடாது.

இங்கேதான் அந்த 5.38 குறுக்கே வருகிறது. லாண்ட் குறூசரின் விகிதம் பரவலாக 4.11, 37 பல்லுக்கு 9 பல். முன்னால் 4.11, பின்னால் 5.38 என்று வைத்து நாலு சில்லு இழுவையைப் போட்டால் இரண்டு அக்சிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். சேற்றில் கொஞ்சம் சறுக்கித் தப்பலாம், இறுகிய தரையில், முன்னுக்கும் பின்னுக்கும் வலுவைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டி உடையும். முன் அக்சிலை மட்டும் மாற்றிவிட்டு நாலு சில்லு இழுவையைத் தொடவே பயப்படுகிற ஜீப்பால் என்ன பிரயோசனம்?

சரி, சோடியாக 4.11 போட்டால்? கணக்கைப் பாருங்கள். வில்லிஸின் முதல் கியர் 2.8, ட்ரான்ஸ்பர் பெட்டியின் தாழ் கியர் 2.4 அளவு. அவற்றை 5.38ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 36. 4.11ஆல் பெருக்கினால் 28க்குச் சற்றுக் குறைவு. அதோடு 28, 29 அங்குல ரயரை எடுத்துவிட்டு 32 அங்குலம் போட்டால், பழைய ரயருக்குக் கணக்கிட்டால் 25 அளவில் வந்து நிற்கும். வில்லிஸின் 2.2 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு இருப்பது எழுபது, எழுபத்தைந்து குதிரைவலு. சேற்றில் கிளச்சை எரிக்காமல் ஊர்ந்து போவதற்குக் கைகொடுத்தது அந்த 36தான். அதை விற்றுப் பலமான அக்சில் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மிற்சுபிசியின் 4டிஆர்5 போன்ற டீசல் எஞ்சின் ஏறியிருந்தால் கதை வேறு. தாழ்ந்த சுற்றிலேயே அது இழுக்கும், ஏ9இல் எஞ்சின் அலறாமல் ஓடுவதற்கு 4.11 உதவும். இன்னொன்று, டீசல் எஞ்சினின் பாரம் முன் அக்சிலின் தலையில்தான் ஏறுகிறது. கிங்பின், சில்லுப் பெயாரிங், பிரேக் மூன்றுக்கும் அது நேரடிச் சுமை. டீசல் ஜீப்புக்கு மாற்றம் வேண்டும் என்று நான் சொல்வது எஞ்சினின் வலுவைவிட இந்தப் பாரத்துக்காகத்தான்.

லாண்ட் குறூசரைவிட இந்த ஜீப்புக்கு அளவானது பழைய ஹைலக்ஸின் அக்சில் என்பது என் அபிப்பிராயம். முன்பக்கம் தகட்டு ஸ்பிரிங்கோடு முழு அக்சில் இருந்த காலத்து ஹைலக்ஸைச் சொல்கிறேன். 8 அங்குலக் கிறவுன் வீல். கம்பனியிலிருந்தே 4.10, 4.30, 4.56, 4.88 என்று விகிதங்கள் வந்தன. 4.88 கிடைத்தால் பெற்றோல் எஞ்சினுக்கும் ஓரளவு ஒத்துவரும். பாரமும் லாண்ட் குறூசரினதைவிடக் குறைவு.

ரொயோட்டாவை நான் விரும்புவதற்கு முக்கிய காரணம் இன்னொன்று. அதன் டிபரன்சியல் முழுவதும் ஒரே கூடாகக் கழன்று மேசைக்கு வரும். கிறவுனும் பினியனும் சரியாகக் கடிக்கும்படி ஒரு நல்ல கையால் கொழும்பில் பொருத்துவித்து, இங்கே கொண்டுவந்து போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. டேனாவில் அந்தப் பொருத்தம் ஹவுசிங்குக்குள்ளேயே சிம் வைத்துச் செய்ய வேண்டியது. வடிவாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

ஆனால் தண்ணீர்ப் பிரச்சினைக்கு ரொயோட்டா விடையல்ல. அதுவும் மூடிய உருண்டை நக்கிள்தான், அதிலும் உரசும் சீல்தான். உள்ளே குரொஸ் ஜொயின்டுக்குப் பதிலாகக் குண்டுகள் உருளும் ஜொயின்ட், கிறீஸுக்குள் கிடக்கும். அதற்குள் சேறு போனால் டேனா 25ஐவிடச் செலவு கூட. சீல் இலகுவாகக் கிடைக்கும் என்பது மட்டுந்தான் வித்தியாசம்.

எந்த அக்சிலை மாற்றினாலும் உயிரோடு விளையாடும் இடம் ஸ்பிரிங் இருக்கைகளை வெட்டி ஒட்டும் இடம். கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம் வில்லிஸில் 3 பாகை. அந்தச் சாய்வுதான் வளைவு முடிந்ததும் ஸ்ரியரிங்கை நேருக்குக் கொண்டுவருகிறது. இருக்கையைக் கண்மட்டத்தில் ஒட்டினால் இந்தக் கோணம் போய்விடும். பினியனை ட்ரான்ஸ்பர் பெட்டிக்கு நேராக நிமிர்த்தப் பார்த்தாலும் போய்விடும், ஏனெனில் அக்சில் முழுவதும் சேர்ந்தே உருள்கிறது. இரண்டும் சரியாக வேண்டுமென்றால் நக்கிள் உருண்டையைக் குழாயிலிருந்து வெட்டித் திருப்பி மறுபடி ஒட்ட வேண்டும். அதைத் தெருவோர வெல்டிங் கடையில் கொடுக்காதீர்கள். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் பிடித்து, ஜீப்பைச் சொந்தப் பாரத்தில் தரையில் நிறுத்தி, கோணமானியால் அளந்து பார்த்த பிறகே முழு ஒட்டு. ஸ்ரியரிங் கையில் வெல்டிங் பிடிப்பதற்கு மட்டும் யாருக்கும் இடம் கொடுக்க வேண்டாம். துளை பெரிதாக்கலாம், வேறு கை போடலாம், ஒட்டக்கூடாது.

வேலை தொடங்கமுதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். 2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய ஜீப்புகளின் விலை ஏறிவிட்டது. பத்திரத்துக்கும் வாகனத்துக்கும் பொருத்தமில்லாவிட்டால் விற்கும்போது அந்த விலை கிடைக்காது.

கழித்த வாகனத்தின் அக்சிலைப் பார்க்கப் போகும்போது ஒரு சோக்குக் கட்டியும் அளவு நாடாவும் கொண்டுபோங்கள். பினியனில் கோடு போட்டு, இரண்டு சில்லையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பினியன் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். விற்பவர் சொல்லும் மொடலைவிட இந்த எண்ணிக்கையை நம்பலாம். அக்சிலுக்குப் பின்னால் நின்று, வண்டி போகும் திசையைப் பார்த்தபடி பினியன் எந்தப் பக்கம் என்று பாருங்கள், வில்லிஸுக்கு வலப்பக்கம் வேண்டும். உருண்டையைக் கையால் தடவிப் பாருங்கள், குழி இருந்தால் விரல் சொல்லும். வடிகால் மூடியைத் திறக்க விடாத கடையில் வாங்காதீர்கள். 6 போல்ட் ஹப் என்றால் நாலு றிம் போதாது, ஸ்பெயாரோடு ஐந்துக்கும் விலை பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய டேனா 25ஐப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். திருத்துகிற வழியில் போன யாரோ ஒருவர் அதன் நக்கிளுக்கும் ஸ்பிண்டிலுக்கும் தேடிக்கொண்டிருப்பார்.